தனபாலனின் முகம்

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த பஸ்ஸில், கொண்டக்டர் தனபாலனின் இடது கை தோளோடு கழன்று மேல்கம்பியிலேயே தொங்கியது. இரத்தம் வரவில்லை. கழன்ற இடம் ஈரக் களிமண்ணாக இருந்தது. பயணி ஒருவர் கையை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கிப் போனார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இல்லாததால் எலும்பு டொக்டரிடம் அனுப்ப முடியாது என்றார்கள்.

அவன் மனைவி புஷ்பம் கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, பிலிமத்தலாவைக்கு அப்பால் சட்டி பானை செய்யும் குணவதியிடம் ஓடினாள். குணவதி வியப்படையவில்லை. ஒட்டவேண்டிய இரண்டு பக்கத்தையும் முள்ளுக்கரண்டியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, உள்ளே காற்று நிற்காமல் அழுத்த வேண்டும் என்று செய்து காட்டினாள்.

“சூளையில வச்சா உறுதியாகுமா?” என்று கேட்டாள் புஷ்பம்.

“ஆகும். பிறகு மடங்காது. ஈரத்துணி போட்டு மெதுவா காய விடுங்க. அவசரப்பட்டா வெடிக்கும்.”

கை ஒட்டியது. ஆனால் அடுத்த வருடம் மழை பொய்த்து, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. குடிக்க வைத்திருந்ததையும் புஷ்பம் அவன்மேல் தெளித்தாள். முழங்காலில் தொடங்கிய வெடிப்பு மார்புக்கு ஏறியது. அவள் வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் பூசிக்கொண்டிருந்தாள். மே மாதம் மழை பிடித்தபோது, படுத்திருந்த அவன்மேல் கூரை ஒழுகி, அவள் வாளி எடுத்து வருவதற்குள் அவன் முகம் வழிந்து முட்டைபோல் வழவழப்பாகிவிட்டது. வாய் இருந்த இடத்தில் பதறிப்போய் விரலால் துளை போட்டாள். மூச்சு வந்துபோனது.

வழிந்த மண்ணை வாரி, காற்றுப் போக அடித்துப் பிசைந்து, அவன் முன்னால் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் கூடவே இருந்த மனிதனின் மூக்கு எப்படி இருந்ததென்று தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடையாள அட்டைப் படம் மங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நானா காது சிறிசு என்றார். அவர் மனைவி பெரிசு என்றாள்.

“சிரிச்சா எந்தப் பக்கம் கோணும்? சொல்லுங்களேன்” என்று அவனையே கேட்டு அழுதாள்.

மூன்று நாள் செய்து செய்து அழித்தாள். நான்காம் நாள் மண் இறுகத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல்களை அவற்றின் போக்கில் விட்டாள்.

தனபாலன் விழித்து, அலுமாரிக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான்.

“யாரு இது?”

“நீங்கதான்.”

“அப்ப சரி” என்றவன், தேத்தண்ணி கேட்டான். புஷ்பம் ஆற்றிக் கொடுத்தாள்.