பைக்குக்கும் முறை வைத்தார்கள்

நைனார்பாளையத்தில் அந்தக் கிணறு இரண்டு பங்கு. ஒன்று சந்தியா வீட்டுக்கு, இன்னொன்று அவள் பெரியப்பா மகன் அறிவுச்செல்வனுக்கு. இன்றைக்கு இவள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தால் நாளைக்கு அவன் மரவள்ளிக்கு. முறை நடக்கும்போது கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் யாருடைய முறையில் மோட்டார் நின்றதோ அவர்களுக்கே விட்டுப்போன நேரம் முதலில் ஓட வேண்டும். இந்த விஷயத்தில் சந்தியா யாரிடமும் தாட்சண்யம் பார்த்தவள் இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு பங்கைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை முடித்து மலையிறங்கி வந்ததும் நேராக மோட்டார் கொட்டகைக்குத்தான் போவாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஒரு பைக் வாங்கியபோது ஊர் சிரித்தது. அது ரோட்டில் ஓட்ட வாங்கியது இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் அங்கே யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு ஓட்டலாம். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. அவரவர் நேரத்தை அவரவர் குறைத்துக்கொள்ளும் விளையாட்டு. அதற்காக ஹேண்டில்பாரில் ஒரு லேப் டைமரை மாட்டியிருந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும்.

அங்கே வேகத்துக்கு ஏற்ப ஏ, பி, சி என்று மூன்று குரூப், ஒன்று ஓடி முடித்த பிறகுதான் அடுத்தது ஓடும். சிக்கல் என்னவென்றால் இரண்டு பேருமே புதியவர்களுக்கான சி குரூப். குரூப்புக்கு ஒரு தடவை கிடைப்பது கால் மணி நேரம். வண்டி ஒன்றுதான் என்பதால் அதையும் பாதியாக வெட்டி, நடுவில் உள்ளே வந்து ஆள் மாற வேண்டும். டயர் சூடாகி மனசு பதியும் நேரத்தில் இறங்க வேண்டியதுதான். இரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடிக்குக் கீழே ஒரு சுற்று வந்தவர்களை சி-யில் வைத்திருக்க மாட்டார்கள், பி குரூப்புக்கு ஏற்றிவிடுவார்கள். யாராவது ஒருவர் ஏறிவிட்டால் போதும், இரண்டு பேருக்கும் முழு முறை கிடைக்கும். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்று சந்தியா ஆசைப்பட்டாள். அவனுக்கும் அதே ஆசை என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் டிராக்கில் காலை ஓட்டங்கள் முடிந்து பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சந்தியா டைமரைப் போனோடு இணைத்துப் பார்த்தாள். டிராக்கை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அன்றைக்கு வந்த நல்ல நேரத்தை மட்டும் எடுத்துக் கூட்டிக் காட்டும் வசதி அதில் உண்டு. கூட்டினால் இரண்டு நிமிடம் இருபத்திமூன்று விநாடி வந்தது.

"அண்ணே, இங்க பாரு! என்னால இருபத்திமூணு போட முடியும்னு காட்டுது."

அறிவுச்செல்வன் புளிசாதத்தோடு எட்டிப் பார்த்தான். "உன்னாலன்னு எங்க போட்டிருக்குது? மேல யாரு குந்திகினு இருக்காங்கன்னு அந்த டப்பாவுக்கு இன்னா தெரியும்?"

உண்மைதான். அந்த நாலில் நேர்பாதை இருந்த இரண்டும் அவனுடையவை. வளைவுகள் வந்த இரண்டும் அவளுடையவை. கச்சிராயபாளையம் தாண்டி தினமும் மலையேறுகிறவளுக்கு வளைவு பழகிய விஷயம். இரண்டு பேர் ஓட்டியதை ஒட்டுப்போட்டு, இல்லாத ஒருவரின் சுற்றைக் காட்டியிருந்தது டைமர்.

"நேர் ரோட்ல நீ சீக்கிரமே ஆக்சிலேட்டர வுட்டுடுற. அங்க போர்டு தெரியுதில்ல, அது வரைக்கும் முறுக்கினே போவணும்" என்றான். பிறகு குரலைத் தணித்து, "வளைவுல நீ இன்னா பண்ற?" என்றான்.

சந்தியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொன்னால் இவன் முந்திக்கொள்வான். ஆனால் அவன் தன்னுடையதைச் சொல்லிவிட்டானே.

"நீ வளைவுக்குள்ள போயி பிரேக்க புடிக்கிற. வெளியவே புடிச்சி முடிச்சிடு. உள்ள போனா கண்ணு வெளிய போற பக்கம்தான் இருக்கணும். எதிர்ல லாரி வருதான்னு பாக்குற மாதிரி."

"இங்க ஏதுடி லாரி?"

"வருதுன்னு நெனச்சிக்க."

அன்றைய கடைசி ஓட்டத்தில் முதல் பாதி அவனுடையது. வண்டி வெளியே போய் ஒரு சுற்றுகூட முடிந்திருக்காது, ஓட்டத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர் சரளைக்கல்லில் விழுந்திருந்தார். எழுந்து நடந்தே வந்துவிட்டார், ஆனாலும் வண்டிகள் எல்லாம் உள்ளே திரும்பின. மறுபடி திறந்தபோது பாதி நேரம்தான் மிச்சம்.

அறிவுச்செல்வன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஏறு. உன் பாதி."

அவள் கையுறைகூட மாட்டித் தயாராக நின்றாள். வண்டியின் மேல் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"கரண்ட் போச்சி" என்றாள்.

"இன்னாது?"

"உன் முறையிலதான் போச்சி. வந்தா உனக்குத்தான்."

"அது கிணறுடி!"

"போன மாசம் உன் முறைய நிறுத்தச் சொல்லி, கரண்ட் போயி வுட்டுப்போன என் நேரத்த உங்கிட்ட வாங்கினேனா இல்லியா? வாங்கறதுக்கு ஒண்ணு, குடுக்கறதுக்கு ஒண்ணா?"

சி குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் கோச் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கிணறும் புரியவில்லை, கரண்டும் புரியவில்லை. "யாராவது ஒருத்தர் போங்க சார். மூடப் போறாங்க" என்று கெஞ்சினார்.

அவன் போனான். சந்தியா குட்டைச் சுவரில் சாய்ந்து நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். இரண்டாம் சுற்றில் மூன்றாவது வளைவில் எப்போதும் கேட்கும் அந்தத் திணறல் கேட்கவில்லை. முன்பே அடங்கி, ஒரே மூச்சாக உள்ளே போய், சீக்கிரமே உறுமிக்கொண்டு வெளியே வந்தது வண்டி. அவள் சொன்னதை அப்படியே செய்கிறான்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவள்தான் முதலில் குனிந்து டைமரைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் இருபத்திநாலு.

கோச் அவன் முதுகில் தட்டி, "அடுத்த தடவை பி குரூப்" என்றார். அறிவுச்செல்வன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தான். சந்தியா கையுறைகளைக் கழற்றி மடித்தாள். "உன் மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கிற? சந்தோஷமா இரு. அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கும் கால் மணி முழுசா வருது" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது. பைக்கைப் பிக்கப் வேனில் ஏற்றிக் கயிறு கட்டும்போது முணுமுணுத்துப் பாட ஆரம்பித்திருந்தாள்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டி டீ சொன்னார்கள்.

"ரொம்ப ஆடாத அண்ணே. நீ சொன்ன போர்டு வரைக்கும் முறுக்கினேன்னா நானும் பி-க்கு வந்துடுவேன்."

"வாயேன். வந்தா அங்கயும் பாதி பாதிதான்."

சந்தியாவின் டீ கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. இதை அவள் யோசிக்கவே இல்லை. வேகமாகப் போனால் கிடைத்த முழு முறை போய்விடும். மெதுவாகப் போவதா? அது அவளால் ஆகிற காரியமா?

"அப்ப நீ ஏ-க்குப் போயிடு" என்றாள்.

"அடிப்பாவி, இன்னிக்கிதான பி-க்கே வந்தேன்!"

"பின்ன? நான் பின்னாலயே வந்துகினு இருப்பேன். நீ போய்க்கினே இரு."

அவன் புரையேறச் சிரித்தான். மேசை மேல் சிந்திய டீயைத் துடைக்க வந்த பையனைச் சந்தியா கையால் நிறுத்தினாள். "இருப்பா, ஒரு நிமிஷம்." அந்த ஈரத்தில் விரலை வைத்து மூன்றாவது வளைவையும் அதற்கு அடுத்ததையும் வரைந்தாள்.

"இதுக்கு அடுத்த வளைவுல நீ இன்னும் வெளிய தள்ளிப் போற. அதான் உனக்கு நேரம் போவுது. இப்பிடி வந்து, இங்க சாயணும். நல்லா பாத்துக்க" என்றாள். இந்தத் தடவை அவன் கேட்கும் முன்பே அவளாகச் சொன்னாள்.