புறங்கை

ஒயரிங் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஏணியிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது; கூடவே நசுங்கிய நரம்புதான் எழுந்திருக்கவில்லை. வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்காத கையை இனி என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று அவள் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சிகிச்சை அறையில் பிசியோ டாக்டர், அவளைவிட இளையவள், மின்கருவியோடு ஒயரால் இணைந்த, ஈரம் பிழிந்த பட்டையை நீட்டினாள். அக்கா அதை இடது புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதான்னு பாக்குறீங்களா அக்கா?"

"தொழில் பழக்கம். கரண்ட் இருந்தா விரல் மடங்கிக்கும். உள்ளங்கைன்னா ஒயரையே பிடிச்சுக்கும். புறங்கைன்னா விலகி வந்துடும்."

"அதே கரண்ட வச்சுதான் உங்க கைய விரிக்கப் போறேன்."

முன்கையின் மேல்பக்கம் பட்டையை வைத்துக் கருவியின் சுவிட்சைத் தட்டினாள். கை அசையவில்லை.

"கரண்ட கூட்டுங்க டாக்டர்," என்றாள் அக்கா.

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வீட்ல ஈரக் கையோட சுவிட்ச தொட்டா என்னைய உரிச்சிடுவா. இங்க ஈரத்துணிய கட்டிக்கிட்டு கூட்டுங்கறா பாருங்க."

"கூட்டினா தோல்தான் புண்ணாகும்," என்ற டாக்டர் பட்டையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு. டாக்டரின் மணிக்கட்டு குருவி தலை தூக்குவதுபோல் எழுந்தது. "நரம்பு நல்லா இருந்தா கண்ணிமைக்கிறதுக்குள்ள வந்து போற துடிப்பே போதும். உங்களுக்கு ஒயர் போயிருக்கு, பல்பு போகல. சதைகிட்டயே நேரா பேசணும். அதுக்கு அவசரமா சொன்னா புரியாது. துடிப்பு கொஞ்சம் நின்னு போகணும்."

ஏதோ ஒரு குமிழைத் திருப்பிவிட்டு, பட்டையை அக்காவின் முன்கையில் அரிசியளவு நகர்த்தி நகர்த்தித் தேடினாள். ஓரிடத்தில் நின்றாள். தொங்கிய கை, தூக்கம் கலையாத குழந்தைபோல மெல்ல நிமிர்ந்து, மறுபடி விழுந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். மின்சாரத்தை அவள் இதுவரை அடக்கி மட்டுமே பழகியிருந்தாள். அதற்கு இத்தனை பொறுமை உண்டென்று இந்தப் பெண்ணின் விரல்கள் அல்லவா கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. முதலில் சின்னப் பொறாமை. பிறகு அதுவும் கரைந்து, கும்பிடத் தோன்றியது.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு முறையும் டாக்டர் குட்டித் துடிப்பில்தான் தொடங்கினாள். நரம்பு வந்துவிட்டதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல. உள்ளேயிருந்து பதில் வராத அந்த நொடிகளில் அக்கா கூரையைப் பார்த்துக்கொள்வாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்த ஒரு காலையில், குட்டித் துடிப்புக்கு நடுவிரல் துள்ளியது.

"நான் அசைச்சிட்டேனோ?" சோதனையைக் கெடுத்துவிட்டோமோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"உங்களால அசைக்க முடிஞ்சா அதைவிட நல்ல சேதி ஏது?" கருவியை அணைத்துவிட்டு டாக்டர் தன் உள்ளங்கையை அவள் கைக்குச் சற்று மேலே பிடித்தாள். "இப்ப நீங்களா தூக்குங்க."

கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். சிறிது சிறிதாக மேலே வந்த கையின் புறம், டாக்டரின் உள்ளங்கையை மெதுவாகத் தொட்டது.

"என்னக்கா, கரண்ட் இருக்கா?"

"இருக்கு," என்றாள் அக்கா. கையை விலக்கிக்கொள்ளவில்லை.