சுகிர்தா டீச்சரின் தலைக்குள் மணியடிப்பவர்கள்

சுகிர்தா டீச்சரின் தலைக்குள் எனக்குத் தகவல் சொல்லும் வேலை. காலை ஒன்பதரைக்குக் காது வழியாக உள்ளே போய்விடுவேன்.

உள்ளே மணியடிப்பவர்கள் எண்ணூறு பேர். டீச்சர் பிறப்பதற்கு முன்பே மூக்கிலிருந்து நடந்து வந்து குடியேறியவர்கள். மணிக்கு ஒருமுறை அடிப்பார்கள்; அந்தச் சத்தத்துக்குத்தான் கீழே சினைப்பை வேலை செய்யும். சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் அம்மா ஏறி வருவார். இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு அம்மா என்னிடம்தான் சொல்வார்.

"பாக்கியம், அவங்கள மெதுவா அடிக்கச் சொல்லு."

"அண்ணாச்சி, மெதுவா அடிக்கணுமாம்."

"சரின்னு சொல்லிரு" என்பார் ஞானமுத்து அண்ணாச்சி. அங்கே அவர்தான் மூத்தவர். அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, நான் சொன்ன பிறகே அம்மா தலையாட்டுவார். எனக்கென்ன, வாய் வலிக்கும், அவ்வளவுதான்.

அம்மா அரை நாளில் கிளம்பிவிடுவார். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருந்து அந்த 'மெதுவா'வையே சொல்லிக்கொண்டிருந்தால்தான், நேர்மாறாக எண்ணூறு பேரும் ஒன்றாக ஓங்கி அடிப்பார்கள். அப்படி அடித்தால்தான் கீழே முட்டை வெளியே வரும். டீச்சர் ஒன்பது வருஷமாகப் பிள்ளைக்குக் காத்திருக்கிறார். போன மாதம் ஒரு வளைகாப்பில் வளையல் போட அவரை மட்டும் கூப்பிடவில்லை. உள்ளே இருந்த எனக்கே வயிறு எரிந்தது.

இந்த மாதம் அம்மா கிளம்ப எழுந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கம்மா."

காப்பிக்குப் பிறகு முறுக்கு. முறுக்குக்குப் பிறகு என் மாமியார் விஷயம். அது முடிய ஒன்றரை நாள் ஆயிற்று, சுருக்கித்தான் சொன்னேன். நடுநடுவே அவர், "மெதுவா அடிக்கச் சொல்லு" என்றார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அதே பேச்சை அதே குரலில் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். எண்ணூறு பேரும் சேர்ந்து அடித்த அடியில் என் பல்லெல்லாம் ஆடியது. வகுப்பில் டீச்சர் காவிரியைத் திருச்சியிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மூன்று வாரம் கழித்துக் கீழே கருப்பையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிரசவம் வரைக்கும் மணியடிக்க வேண்டாம், இடத்தைப் பூட்டுங்கள் என்றார்கள். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

எண்ணூறு பேருக்கும் போக வேறு இடமில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் கணவர் கதவைத் திறந்து, தெருமுனை வரைக்கும் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"டீச்சர் உண்டாயிருக்காங்களா?"

"ஆமா."

தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, அதில் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டார்.