கைக்குட்டையில் சலித்த மண்

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குப் புற்றுமண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றுவலி என்றால் நாக்கில் ஒரு சிட்டிகை, சிரங்கு என்றால் தண்ணீரில் குழைத்து மேலே. கோமதியம்மன் கோயில் புற்றுமண் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நானும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். அந்த மண்ணுக்குத்தான் ஐம்பத்தொன்றாம் வருஷம், பதினேழு வயதில், நான் வெட்கப்பட்டேன். என்ன வெட்கம் வேண்டிக்கிடந்ததோ! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

அந்த மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்திருந்தது. ஜூலையில் பாளையங்கோட்டையில் காலேஜ். நடுவில் சும்மா கிடப்பானேன், கொழும்புக்கு வந்து கடையில் ஒத்தாசையாக இரு, ஊரும் பார்த்த மாதிரி இருக்கும் என்று செல்லச்சாமி மாமா எழுதியிருந்தார். என் அம்மாவின் தம்பி. கொழும்பில் புறக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டவனிடமெல்லாம் "கப்பல்ல போறேம்லே" என்று சொல்லித் திரிந்தேன்.

எதிர்வீட்டுக் கோமதித்தாய் பெரியம்மையின் ஒரே மகன் சங்கரசுப்பு அண்ணன் அந்தக் கடையில்தான் ஆறு வருஷமாக வேலை பார்த்தான். மூன்று மாதமாக வயிற்று நோவில் படுத்துக் கிடந்தான். ஆஸ்பத்திரி மருந்து கேட்கவில்லை. அவன் அம்மாவுக்கு எழுதின கடிதத்தில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாராவது வந்தால் நம்ம கோயில் மண் கொஞ்சம் கொடுத்துவிடு.

நான் கிளம்பின அன்று காலையில் பெரியம்மை குளித்த ஈரத்தோடு கோயிலுக்குப் போய் மண் எடுத்துவந்தாள். மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தாள்.

"மக்கா, இத ஒன் உசிரு மாதிரி வச்சுக்கிடணும். அவன் கையிலயே குடு. நாக்குல வச்சதும் என்ன சொன்னான்னு எனக்கு வந்து சொல்லணும், என்ன?"

"சரி பெரியம்மை. எத்தன தடவதான் சொல்லுவிய!" என்றேன். அப்படித்தான் பதில் சொன்னேன், படித்த கழுதை.

இலங்கைக்குப் போகிறவர்களை அப்போது மண்டபம் காம்பில் நிறுத்திவைத்து, ஊசி போட்டு, பெட்டியெல்லாம் சோதித்துத்தான் கப்பலுக்கு விடுவார்கள். அங்கே பட்டணத்துக் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முழுக்கால் சட்டை, கையில் டென்னிஸ் மட்டை. காம்பில் இருந்த நாளெல்லாம் அவர்கள் பின்னாலேயே திரிந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். என்னையும் ஒரு ஆளாக மதித்தார்கள் என்று ஒரே பூரிப்பு.

கடைசி நாள் சோதனையில் அவர்கள் எனக்குப் பின்னால் நின்றார்கள். டாக்டர் என் பெட்டியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்து, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். "மருந்து சார்" என்றேன்.

"மண்ணு மாதிரி இருக்கே" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன், "இவங்க ஊர்ல மண்ணத் திம்பாங்க போலிருக்குடா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷன் முடிச்சைப் பழையபடி கட்டி, "வீட்டில் கொடுத்ததா? கொண்டு போகலாம்" என்று என்னிடமே நீட்டினார். நான் வாங்கினேன். "இது என்னது இல்ல சார், யாரோ பெட்டியில போட்டுட்டாங்க" என்று சொல்லி, மேஜைக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. போட்டுவிட்டு அந்தப் பையன்களைத் திரும்பிப் பார்த்து நானும் சிரித்தேன்.

கப்பலில் அவர்கள் வேறு வகுப்பில் ஏறிக்கொண்டார்கள். அதன்பிறகு என்னை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா கடையின் மச்சில் அண்ணன் படுத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். ஊர் எப்படி, அம்மா எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினான்.

"மண்ணு கொண்டாந்தியாலே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். தொலைந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். "பெட்டியில இருக்குண்ணே, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைக்குப் பின்னால் குழாயடியில் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று இருந்தது. விரலால் தோண்டினேன். கொழும்பு மண், ஒரே சரளை. கைக்குட்டையில் கொட்டி இரண்டு தடவை சலித்தேன். அப்படியும் நம்ம மண் மாதிரி வரவில்லை. மாமா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த திருநீற்றில் இரண்டு சிட்டிகை எடுத்துக் கலந்தேன். காகிதத்தில் மடித்து மேலே கொண்டுபோனேன்.

"அம்ம துணியில முடிஞ்சு குடுக்கலையாலே?"

"காம்புல அவுத்துப் பாத்தாங்க. துணிய அங்கனயே வாங்கி வச்சுக்கிட்டாங்கண்ணே."

நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக டிராம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்டை அசைய அதை விழுங்கினான்.

"நல்லாருக்குலே" என்றான். என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு மண்ணைப் பற்றி அவன் பேசவேயில்லை. பொட்டலம் தலையணைக்கு அடியில் கிடந்தது. கோயிலில் ஆடித்தவசுத் திருவிழா வருவதற்குள் எப்படியும் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் தினமும் சொல்வான். நான் பருப்பு நிறுத்தேன், மூட்டை அடுக்கினேன், சிங்களத்தில் பத்து வார்த்தை படித்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போய்க் கப்பல் பார்த்தேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மே கடைசியில் அண்ணனுக்கு நினைவு தப்பியது. ஜூன் இரண்டாம் தேதி போய்விட்டான். மாமாதான் கொள்ளி வைத்தார். அவனுடைய தகரப்பெட்டியை அவன் அம்மாவிடம் சேர்க்கச் சொல்லி என்னோடு அனுப்பினார். கப்பலிலும் ரயிலிலும் அந்தப் பெட்டியை மடியை விட்டு நான் இறக்கவில்லை. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது.

பெரியம்மை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டின உறை ஒன்று இருந்தது. மேலே 'அம்மாவுக்கு' என்று அண்ணன் கையெழுத்து.

"நீயே வாசி மக்கா. படிச்ச பிள்ள."

பிரித்தேன். தேதி மே இருபத்தெட்டு. தபாலில் சேர்க்கச் சொல்வதற்குள் நினைவு தப்பியிருக்கிறது. சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.

"அம்மாவுக்குச் சங்கரசுப்பு எழுதிக்கொண்டது. எனக்கு உடம்பு பரவாயில்லை. நீ கவலைப்படாதே. நீ கொடுத்துவிட்ட மண்ணை ஆறுமுகச்சாமி கொண்டுவந்து தந்தான்..."

அதற்கு மேல் இருந்ததை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. இப்படி எழுதியிருந்தான்:

'நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது நம்ம கோயில் மண் இல்லை. வழியில் தொலைத்திருப்பான் போல. சொல்லப் பயந்துகொண்டு இங்கேயே எதையோ சலித்துக் கொண்டுவந்துவிட்டான். பயல் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவான் போல இருந்தது. அதனால் முழுங்கிவிட்டேன். அவனிடம் ஒன்றும் கேட்காதே, சின்னப்பயல், கூசிப்போவான். வேறு யாராவது வந்தால் இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடு.'

"என்ன மக்கா நிறுத்திட்ட? எழுத்து தெரியலையா?"

எழுத்து நன்றாகத் தெரிந்தது. தாளைப் பார்த்துக்கொண்டே, வாசிக்கிற குரலில் சொன்னேன்: "நாக்கில் வைத்ததும் நம்ம கோயில் வாசம் வந்தது. ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது அம்மா. வயிற்று நோவும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது."

பெரியம்மை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ள நம்ம ஆத்தா மண்ணோட போயிருக்கான். நீ நல்லாருப்ப மக்கா, நீ நல்லாருப்ப!" சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"கடுதாசிய நான் வச்சுக்கிடட்டுமா பெரியம்மை?" என்று கேட்டேன். கிழித்துப்போடத்தான். அவள் தரவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலேஜில் சேர்ந்தேன். பாடத்தில் மனசு நிற்கவில்லை. இந்நேரம் யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறாளோ, தெருவே சிரிக்கிறதோ, என் அம்மா எப்படித் தெருவில் நடக்கிறாளோ என்று அதே நினைப்பு. ஆடித்தவசுக்கு ஊருக்கு வந்தபோது அவள் கண்ணில் படாமல் ஒதுங்கித்தான் போனேன். அவளே வந்து கூப்பிட்டாள். தெரு முழுக்கத் திருவிழாக் கூட்டம், அம்மனுக்குக் காணிக்கையாக மிளகாயும் பருத்தியுமாய் மடியில் கட்டிக்கொண்டு பட்டிக்காட்டு ஜனங்கள் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். என்னை வீட்டுக்குள் உட்காரவைத்துக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"தவசுக்கு வாரேம்னு சொன்ன பிள்ளல்லா அவன். ஒருக்க வாசி மக்கா, அவனும் கேக்கட்டும்."

வாசித்தேன். 'நாக்கில் வைத்ததும்' என்ற இடம் வந்தது. போன தடவை என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வரவில்லை. தாளில் இருந்ததோ வேறு. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

பெரியம்மைதான் எடுத்துக் கொடுத்தாள். "நம்ம கோயில் வாசம் வந்ததுன்னு வரும் மக்கா. ஊருக்கே வந்த மாதிரி இருந்ததுன்னு வரும்."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"தபால்காரரு மைதீன் பாட்சாகிட்ட ஒரு நாளு குடுத்தேன். அவரு வேற மாதிரில்லா வாசிச்சாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அது எனக்கு வேண்டாம். ஒன் வாசிப்புலதான் எம்புள்ள நம்ம மண்ணத் தின்னுட்டுச் செத்தான். அதையே வாசி."

வாசித்தேன்.