நாலாவது மூலை

அது சூறாவளி அடித்த வருஷமா, அதற்கடுத்த வருஷமா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. கல்முனையில் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். என் ஞாபகத்தையும் நான் அவ்வளவு நம்புவதில்லை. நடந்தது இதுதான்: கடைசல்கார ஜெமீல் ஒரு சதுர மரத்தட்டைக் கடைந்து முடித்து மோட்டாரை நிறுத்தினான். தட்டு நின்றது. அதன் மூலைகள் நிற்கவில்லை.

ஜெமீல் நிந்தவூர்ப் பிள்ளை. நதீராவைக் கலியாணம் முடித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணின் பெயரில் எழுதிய வீட்டுக்கு ஒரு பெட்டியோடும் ஒரு கடைசல் இயந்திரத்தோடும் வந்து சேர்ந்தவன். பெட்டி அறைக்குள் போனது, இயந்திரம் அடுப்படிக் குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் போனது. காலையில் கொட்டில், பகல் நதீராவின் உம்மா முனவ்வறா மாமி அனுப்பும் சோறு, பின்னேரம் மறுபடி கொட்டில். கட்டில் கால், தொட்டில் தண்டு, உலக்கை. கையில் எடுத்த எதுவும் உருண்டையாகவே முடிந்தது. அந்த வீட்டில் ஓர் ஆணியை இடம் மாற்றி அடிப்பதானாலும் அவன் நதீராவைக் கேட்பான். கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சவூதிக்குப் போயிருந்த கூட்டாளி மக்கீன் விசா அனுப்பியபோது ஜெமீல் அன்று முழுக்கக் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. வாயைத் திறந்தால் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தான்.

போகுமுன் நதீராவுக்கு வெற்றிலைத் தட்டு ஒன்று செய்து வைக்க நினைத்தான். அதுவாவது மூலைகளோடு இருக்கட்டும் என்று வீட்டு வளவில் கிடந்த முதிரை மரத் துண்டொன்றைச் சதுரமாக அறுத்து இயந்திரத்தில் பூட்டினான். சதுரப் பலகை சுழலும்போது மூலைகள் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் கட்டியாக ஒரு வட்டம், அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு நிழல். அந்த நிழலுக்கூடாக எதிர்ச் சுவரே தெரியும். மூலைகள் அதற்குள்தான் இருக்கும், விரல் முட்டியைப் பதம் பார்க்க. உளி தட்டுப்படும் ஓசையை வைத்தே கடைய வேண்டும். ஜெமீல் சரியாகத்தான் கடைந்தான். ஆனால் நடு வட்டம் அசையாமல் நின்ற பிறகும் நிழல் நிழலாகவே இருந்தது. கையை வைத்தான். முட்டித் தோல் போனது.

மறுநாள் பெட்டியோடு புறப்பட்டான். கடற்கரையிலிருந்து நேராக வரும் வீட்டு ஒழுங்கை மெயின் ரோட்டில் போய் முட்டும். அந்த முடக்கில் திரும்பினான். அங்கே மெயின் ரோடு இல்லை, நதீராவின் வீட்டு வாசல் கடப்படி இருந்தது. வாடகைக் கார் பிடித்தான். கார் திரும்பியது, சாரதி பின்னால் பார்த்தபோது ஆளில்லை, ஜெமீல் பெட்டியோடு வீட்டுக் கிணற்றடியில் நின்றான். நேராகப் போவதற்குத் தடையிருக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போகலாம், அதற்கப்பால் கடல் வரைக்கும் போகலாம். தட்டில் மூலை நிற்காத நாளிலிருந்து எந்தப் பக்கமும் திரும்பத்தான் முடியவில்லை. கடற்கரையில் வலை இழுப்பவர்கள், "என்ன ஜெமீல், சவூதியில வெயில் எப்பிடி?" என்று கேட்டார்கள்.

சூறாவளிக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் புது வாசல்நிலை வைத்த தச்சர் சவிரிமுத்து வந்து தட்டைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது நான் கழட்டின பழைய நிலை. கேட்டிட்டா எடுத்த நீ?"

"சும்மா கிடந்த துண்டுதானே அண்ணன்."

"கிடந்ததுதான். ஆர்ர ஊட்டுல கிடந்த?"

முனவ்வறா சிரித்துவிட்டாள். "இதுக்கா இவ்வளவு கூத்து? நதீராட பொருள், மருமகன். ஹலாலாக்கித் தா எண்டு கேளுங்க. மனம் பொருந்தி ஓம் எண்டாச் சரி. ஒரு சொல்லுத்தானே."

நதீரா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கேக்காம எடுத்திட்டன் புள்ள. ஹலாலாக்கித் தா."

"தந்தா?"

"தந்தா போவன்."

"அப்ப இரிங்க," என்றாள் அவள். கோபமே இல்லை. மூன்றாம் தண்ணீரையும் வடித்தாள்.

விசா காலாவதியானது. மக்கீன் கசெட் ரேடியோவோடு வந்து, கல்வீடு கட்டி, திரும்பப் போனான். நதீராவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முனவ்வறா தட்டைத் தொட்டிலுக்கு மேலே கூரை வளையில் கட்டிவிட்டாள். வெயில் காலத்தில் நல்ல காற்று வந்தது, ஈயும் அண்டவில்லை. பெருநாள் காலையில் எல்லாரும் எல்லாரிடமும் பிழை பொறுக்கக் கேட்கும்போது ஜெமீலும் கேட்டான். நதீரா மற்றதையெல்லாம் பொறுத்தாள். எண்பத்தைந்தில் கலவரம் வந்து மெயின் ரோட்டில் டயர் எரிந்தபோது, அந்த முடக்கைத் தாண்ட ஊரில் எவருக்கும் முடியவில்லை. அந்த நாட்களில் மட்டும் அவன் மற்றவர்களைப் போல இருந்தான்.

நிந்தவூரிலிருந்து உம்மாதான் பஸ் ஏறி வந்து மகனைப் பார்த்துப் போவார். பிறகொரு வருஷம் அவரால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. சங்கதி வந்த அன்று ஜெமீல் கொட்டிலைப் பூட்டினான். முடக்கு வரைக்கும் நடந்தான், கடப்படியால் வந்தான், மறுபடி நடந்தான். பின்னேரம் பள்ளியில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போதும் நடந்துகொண்டிருந்தான். நதீரா வாசலில் நின்று பார்த்தாள்.

"மச்சான், உங்கட உம்மாட ஊட்டுக்கு எத்தின முடக்கு?"

அவன் விரலை மடக்கினான். இந்த ஒழுங்கை, நிந்தவூர்ப் பள்ளிச் சந்தி, உம்மாவின் குறுக்குப் பாதை. "மூணு."

அவள் தட்டை வளையிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்தாள். "மூணு மூலைய ஹலாலாக்கிட்டன்."

"மத்தது?"

"அது என்னோட இரிக்கட்டும்."

மூன்று மூலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, முதிரையின் மஞ்சளோடு. நாலாவது அவற்றைச் சுற்றி ஓடியது. ஜெமீல் செருப்பும் போடாமல் போனான். உம்மா அவன் கையால் தண்ணீர் குடித்தார், அடுத்த வெள்ளிக்கிழமை மௌத்தானார்.

முனவ்வறாவும் இப்போது இல்லை. சவிரிமுத்து மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். மக்கீன் ஒரேயடியாக வந்து சந்தையில் புடவைக்கடை வைத்திருக்கிறான். வீட்டுக்கு வருபவர்களுக்கு நதீரா அந்தத் தட்டில்தான் வெற்றிலை வைக்கிறாள். பழகியவர்கள் ஓடும் மூலையின் காற்றுப் படாத நேரம் பார்த்துக் கையை நீட்டுகிறார்கள். ஜெமீல் கட்டில் கால் கடைகிறான். சந்தைக்குப் போகிறான், நிந்தவூருக்குப் போகிறான். நாலாவது முடக்கில் திரும்பினால் கடப்படியில் நிற்கிறான். அந்நேரம் பெரும்பாலும் சோறு ஆகியிருக்கும்.