முழங்கால் நேர்ச்சை

கல்யாணமான மறுவருடத்திலிருந்து ரெஜினாள் மாதா திருவிழாவன்று கோவில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் போய்க்கொண்டிருக்கிறாள். பிள்ளைவரம் வேண்டி மாமியார் செசிலியம்மாள் நேர்ந்த நேர்ச்சை அது. முட்டியில் தோல் உரிந்தாலும், "மனசுல அழுக்கு இருக்கு, அதான் மாதா எறங்க மாட்டேங்கா" என்பாள் மாமியார்.

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரெஜினாளின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். பழைய நோய் ஒன்று கருக்குழாய்களை அடைத்துவிட்டது என்றாள். பிறகு கணவன் கஸ்பாரிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பவாவது மேகநோய், அதான் பால்வினை நோய், வந்துச்சா?"

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்க்கும் கஸ்பார் சுவரைப் பார்த்தான். "கல்யாணமான புதுசுல. கொழும்புலயே ஊசி போட்டுட்டேன், சரியாயிட்டு."

"இவங்களுக்கு?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"இந்தக் கரையில எத்தனை பொண்ணுங்க இப்படி வாராங்க தெரியுமா? ஊசி உங்களுக்கு மட்டும், நோய் அவங்களுக்கு!"

ரெஜினாளுக்கு, அவன் கொழும்பிலிருந்து திரும்பிய அந்த மாதத்துக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் நினைவுக்கு வந்தன. உடம்புச்சூடு என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான்.

திருவிழாவன்று கோவில் வாசலில் செசிலியம்மாள் மெழுகுதிரியை நீட்டினாள். "முட்டி போடுளா, சனம் பாக்குதுல்லா."

ரெஜினாள் அதை வாங்கிக் கஸ்பாரின் கையில் திணித்தாள். "இனிமே நீங்க போங்க."

"ஏளா, ஆம்பள எதுக்குளா முட்டி போடணும்?"

"அத உங்க மவன்ட்ட கேளுங்க மாமி. சனம் கேக்க சத்தமா சொல்லச் சொல்லுங்க."

சேலையை உதறிக்கொண்டு அவள் பீடத்தை நோக்கி நடந்தே போனாள்.