ஓங்கனின் முறை

விளையாட்டின் புதிய பதிப்பு வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியம், ராஜா அண்ணாமலைபுரத்தில் டெல்பின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எட்டடி உயரமுள்ள படகோட்டி ஒருவன் எழுந்து நின்றான். மின்விசிறி அவன் நெற்றியில் இடித்து ஒரு இறக்கை வளைந்தது. அவன் பெயர் ஓங்கன் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். பல வருடங்களாக அவனோடு விளையாடியவர்கள் அவர்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, நினைத்தது நடக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்துகிறவன் சைஃப், மயிலாப்பூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வேலு கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுகிறவன். ஓங்கனை உருவாக்கி அவனாகப் பேசியது டெல்பினின் தம்பி ஜாஸ்பர். டெங்குவில் ஜாஸ்பர் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

ஜாஸ்பர் போனாலும் ஓங்கனை அவர்கள் சாகவிடவில்லை. அவன் முறை வந்தால் டெல்பின் பகடை உருட்டுவாள். பழைய ஆட்டங்களெல்லாம் விளையாட்டுக் கம்பெனியின் ஆப்பில் பதிவாகியிருந்தன. அதிலிருந்து ஓங்கன் எப்போதோ பேசிய பொருத்தமான பேச்சை வேலு தேடிப் போடுவான். ‘இன்னா சைஃபு, இந்த ஆத்துல தண்ணி கீதா இல்லியா’ என்று ஜாஸ்பரின் குரல் கேட்கும், டெல்பின் சிரிப்பாள். கேட்கலாம், நகல் எடுக்க முடியாது என்பது கம்பெனியின் சட்டம். தம்பியின் குரல் வேறு எங்கும் இல்லை.

அதைத்தான் சைஃப் அழித்தான். ஒரு மந்திரம் இருபதடி எட்டுமா முப்பதடி எட்டுமா என்று விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து அரைமணி நேரம் சண்டை போடுகிற மனிதன், கம்பெனி அனுப்பிய நிபந்தனைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தினான். இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். புதிய பதிப்பில் ஓங்கனைப் போன்ற அரை அரக்கர்கள் கிடையாதாம். ஓங்கன் நீக்கப்பட்டான், அவன் பேசியதும் நீக்கப்பட்டது, இனி உங்கள் அனுபவம் மேலும் இனிமையாகும் என்று ஒரு மெயில் வந்தது. படித்தவர்கள் எழுதிய மெயில்தான், வெட்கமில்லாமல் எழுதியிருந்தார்கள். அடையாறிலும் தி.நகரிலும் இருந்த குழுக்கள் சந்தாவை ரத்து செய்து, கம்பெனியை வாய்க்கு வந்தபடி ஏசின. அந்த வாரம் முழுக்க ஆப்பில் யார் பகடை உருட்டினாலும் ஒன்றுதான் விழுந்தது. கம்பெனி அதற்கும் ஒரு அப்டேட் அனுப்பியது.

ஓங்கன் மொட்டைமாடியில் தங்கினான். கோட்டூர்புரம் பாலத்தடியில் போய் அடையாற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் துடுப்பு போடமாட்டேன் என்று திரும்பி வந்தான். ஆள் கூடிவிட்டதால் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது என்று வீட்டுக்காரர் முறையிட்டார். டெல்பினுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவனிடம் இருந்தது ஜாஸ்பரின் குரல், ஆனால் ஜாஸ்பரை அவனுக்குத் தெரியாது. அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டான். ‘உங்க தம்பி எப்பிடி மேடம் இருப்பாரு’ என்று அந்தக் குரலிலேயே கேட்டபோது அவள் சோற்றுக் கரண்டியைச் சுவரில் எறிந்தாள். ஆனாலும் சொன்னாள். தினமும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கோபமாகச் சொன்னாள்: எதற்கும் நேரத்துக்கு வரமாட்டான், காய்ச்சல் என்றாலும் மறைப்பான், கடைசியிலும் மறைத்தான். சைஃப் ஞாயிறுதோறும் வந்து கீழே கேட்டருகே நின்றான். அவள் மேலே கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பொத்தானை அழுத்தினால் நீக்கிய பாத்திரங்கள் ஆப்புக்குள் திரும்பிவிடும் என்றது. கணக்கு சைஃப் பெயரில் இருந்ததால் டெல்பின் அவனை மேலே கூப்பிட்டாள்.

“இந்தத் தடவையாவது படிச்சியா?” என்றாள்.

சைஃப் நின்றபடியே முழுவதையும் உரக்கப் படித்தான். திரும்பும் பாத்திரத்தின் குரல் கம்பெனிக்குச் சொந்தம். அதை வைத்து இயந்திரம் எதை வேண்டுமானாலும் பேசும். படித்து முடித்ததும் அவனே ஆப்பை அழித்தான். வேலு பழைய பகடைகளை மேசையில் கொட்டினான்.

ஓங்கன் குனிந்து வந்து ஜாஸ்பரின் நாற்காலியில் உட்கார்ந்தான். எந்தப் பாத்திரம் வேண்டும் என்று சைஃப் கேட்டான்.

“என்னிய எடுத்து அவன் ஆடினான்ல மச்சி,” என்றான் ஓங்கன். “அவன எடுத்து நான் ஆடறேன்.”

ஓங்கன் பகடையைக் கையில் குலுக்கினான். “ஜாஸ்பரு வூட்டுக்கு வரான். ரொம்ப லேட்டு. அக்கா இன்னா சொல்லுவாங்கோ?”

பகடை உருண்டு நிற்பதற்குள் டெல்பின் திட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கேடா போனே, காய்ச்சலை ஏன்டா சொல்லல, அம்மாவை ஏன்டா என் தலையில கட்டிட்டுப் போனே என்று, மூன்று வருடமாக யாரிடமும் திட்ட முடியாததையெல்லாம் திட்டினாள். அந்த எட்டடி மனிதன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஓய்ந்ததும், “பசிக்குதுக்கா” என்றான். அவள் எழுந்து தட்டு எடுக்கப் போனாள். எத்தனை விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போதும் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கிறது. அந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒன்று மாட்டியிருக்கிறார்கள்.